ஃபேன்ஃபிக்கைப் புத்தகமாக்கிக் காசு பார்க்கலாமா? சென்னைப் பதிப்பகம் ஒன்று கேட்கிறது

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைத் தொலைக்காட்சி ஒன்றில் ஓடி முடிந்த தொடரின் ஜோடியை வைத்து வாட்பேட் என்ற இணையக் கதைத் தளத்தில் ஒரு ஃபேன்ஃபிக் (பிறர் உண்டாக்கிய பாத்திரங்களை வைத்து ரசிகர் எழுதும் கதை) எழுதினேன். தொடரில் அந்தப் பெண்ணை வருடக்கணக்கில் அழவிட்டு, கடைசி வாரத்தில் அவசர அவசரமாகச் சேர்த்துவைத்து முடித்துவிட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அவளை அந்தப் பெரிய வீட்டிலிருந்து கிளப்பி எங்கள் பக்கம் கொண்டுவந்தேன். என் கதையில் அவள் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊர் மிட்வைஃப். தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு குருமண்வெளியில் படகுப் பாதை (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூருக்குப் போவாள், பின்னேரம் திரும்புவாள். ஒருநாள் மழையில் பாதை நடு வாவியில் நின்றுவிடுகிறது. அதில் ஒரு பிள்ளைத்தாச்சியும் இருக்கிறாள். அந்த அத்தியாயத்துக்குப் பிறகுதான் வாசகர்கள் கூடினார்கள்.

இப்போது சென்னையில் ஒரு பதிப்பகம் மெசேஜ் போட்டிருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றித் தாருங்கள், புத்தகமாகப் போடுகிறோம், ராயல்ட்டி உண்டு என்கிறார்கள்.

இது சட்டப்படி சரியா? பெயரை மாற்றினால் போதுமா? இங்கே இருந்து எழுதுகிற ஒருவருக்கு அந்தக் காசு உண்மையிலேயே வந்து சேருமா? "ஆரோ உண்டாக்கின ஆக்களை வித்துக் காசு எடுக்கிறதா" என்று அம்மா கேட்கிறா. அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அக்கரைக்காற்று (அக்கரைப்பற்று)

வாழ்த்துகள் தங்கச்சி! தயங்கவே வேண்டாம். உலகம் முழுக்க நடக்கிற விஷயம் இது.

‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிரே’ எங்கிருந்து வந்தது? ‘ட்விலைட்’ என்ற காட்டேரிக் கதையின் ஜோடியை வைத்து இணையத்தில் எழுதிய ஃபேன்ஃபிக். 2011இல் அவுஸ்திரேலியாவின் சின்னப் பதிப்பகம் ஒன்று போட்டது, 2012இல் பெரிய பதிப்பகம் வாங்கியது, பத்துக் கோடிப் பிரதிக்கு மேல் போனது. ‘ஆஃப்டர்’ தெரியுமா? உங்களைப் போலவே வாட்பேட்டில், 2013இல், ஒன் டைரக்ஷன் இசைக்குழுவின் பாடகரை வைத்து எழுதியது. அடுத்த வருடமே சைமன் அண்ட் ஷூஸ்டர் புத்தகமாகப் போட்டது. ஹரி என்ற பெயர் ஹார்டின் ஆனது, பிறகு படமும் வந்தது. 2021இல் வந்த ‘லவ் ஹைப்போதெசிஸ்’ முன்பு ஸ்டார் வோர்ஸ் ஜோடிக் கதை. 2025இல் ‘அல்கமைஸ்ட்’ (Alchemised) என்று வந்த தடித்த நாவல் முன்பு ஹரி பொட்டர் ஃபேன்ஃபிக். இவர்கள் யாரும் ஒளித்துச் செய்யவில்லை. பதிப்பகங்கள் இப்போது ஃபேன்ஃபிக் எழுதுபவர்களைத் தேடிப் போகின்றன.

படுவான்கரை (கொக்கட்டிச்சோலை)

நான் சட்டம் படித்தவன், இந்தத் துறையில் வழக்குப் பேசுபவன் இல்லை. படித்ததை வைத்துச் சொல்கிறேன்.

அக்கரைக்காற்று அண்ணா சொன்ன புத்தகங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூட இன்னொருவர் கதையின் தொடர்ச்சியாகக் கடைக்கு வரவில்லை. காட்டேரியை எடுத்துவிட்டார்கள், பாடகரை எடுத்துவிட்டார்கள், மந்திரப் பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டார்கள். எல்லாம் எடுத்த பிறகு மிச்சம் நின்றதைத்தான் விற்றார்கள். வாவிக்கரை பார்க்க வேண்டியதும் அதைத்தான்: தொடரை எடுத்துவிட்டால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

இங்கே இலங்கையில் நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு படைப்பைத் தழுவவும் மொழிபெயர்க்கவும் உருமாற்றவும் உள்ள உரிமை அதன் உரிமையாளருக்கு என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. சும்மா கொடுத்தாலும் அந்த உரிமை அவருடையதுதான். சும்மா கொடுக்கும் வரை பெரும்பாலான உரிமையாளர்கள் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள், அவ்வளவே. விலை போட்டதும் கண்ணில் படும். 11ஆம் பிரிவில் நியாயமான பயன்பாடு என்று ஒரு வழி இருக்கிறது. அது விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு. அதிலும் வணிக நோக்கமா என்று பார்ப்பார்கள். ஒரு காதல் நாவலை அந்த வழியால் கொண்டுபோவது கஷ்டம். புத்தகம் சென்னையில் வருவதால் இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சேரும். அங்கேயும் தழுவல் உரிமை உரிமையாளருக்கே.

8ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. வெறும் எண்ணத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. விருப்பமில்லாத கல்யாணம், திமிர் பிடித்த மாப்பிள்ளை, கொடுமைக்கார மாமி, இவையெல்லாம் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனால் தொடரில் வந்த அதே வசனம், அதே முதல் சந்திப்பு, அந்தக் குடும்பத்துக்குள் அதே சூழ்ச்சி அதே வரிசையில் வந்தால் பெயரை மாற்றியும் பயனில்லை. பெயர் மாற்றுவது கடைசி வேலை.

மத்தளம் (வந்தாறுமூலை)

அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் பிள்ளை.

இந்த மண்ணில் பிறர் கதையை எடுத்துச் சொல்லாத கலை எது இருக்கிறது? வடமோடிக் கூத்துக்களில் பாதிக்கு மேல் பாரதமும் இராமாயணமும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கொப்பியில் உள்ளதை அப்படியே ஆடவைப்பதில்லை. ஒரு ஊரில் அபிமன்யுவின் தாய் நாலு வரியோடு போவாள், அடுத்த ஊரில் களரியே அழுகிற அளவுக்குப் பாடுவாள். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் வனவாசம், அருச்சுனன் தவம், தீமிதிப்பு என்று பாரதத்தையே வருடாவருடம் ஊர் நடந்து காட்டுகிறது. மதுரையை எரித்த கண்ணகியை இங்கே கொண்டுவந்து, குளுத்தி பாடிக் குளிரவைத்தவர்கள் நாங்கள். ஒரு கதையில் ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தது, அது பொறுக்காமல் அவளை உன் ஊருக்குக் கூட்டிவந்தாய். பரம்பரை பரம்பரையாக இங்கே நடப்பது அதுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரங்கேற்றத்தன்று அண்ணாவியாருக்கு வேட்டி சால்வையும் அன்பளிப்பும் கொடுக்கிறோம். அவர் உழைப்புக்குக் கொடுக்கிறோம், வியாசருக்குப் பங்கு கேட்டு யாரும் வருவதில்லை. நாவலுக்கும் வருகிறேன். ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். வாசகர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

படுவான்கரை (கொக்கட்டிச்சோலை)

சேர், நீங்கள் சொன்ன மரபை நான் மறுக்கவில்லை, நானும் கூத்துப் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் பாரதத்துக்கு உரிமையாளர் இல்லை. இந்தத் தொடருக்கு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார், அவருக்குச் சட்டத்தரணியும் இருக்கிறார்.

கல்கியின் விஷயத்தில் தேதியைப் பாருங்கள். அவர் மறைந்தது 1954இல். தமிழ்நாட்டு அரசு அவருடைய எழுத்தை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 வருடம், இலங்கையில் 70 வருடம் என்று கணக்குப் பார்த்தாலும் இரண்டும் முடிந்துவிட்டன. ஆகவே இன்று வந்தியத்தேவனை வைத்து யாராவது நாவல் எழுதி விற்க நினைத்தால் தாராளமாக விற்கலாம். ஆனால் 2022இலும் 2023இலும் வந்த படங்களுக்காகவே உண்டாக்கிய காட்சியையோ வசனத்தையோ தொடக்கூடாது. அது வேறு உரிமை. பிறர் கதையில் எழுதத்தான் ஆசை, அதே நேரம் காசும் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியவில்லை. சிலப்பதிகாரமும் பாரதமும் திறந்து கிடக்கின்றன.

மத்தளம் (வந்தாறுமூலை)

அதை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. ஆனால் சட்டம் வைத்த கோட்டை மனச்சாட்சியின் கோடாக அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமையாளர் உயிரோடு இருக்கிறார் என்பதற்காக அவள் எழுதியது குறைந்த எழுத்து ஆகிவிடாது. அந்தப் படகுப் பாதை அத்தியாயத்தை நான் வாசித்தேன். தொடர் எடுத்தவர்கள் எத்தனை வருடம் எடுத்தாலும் அதை எடுக்க மாட்டார்கள்.

அக்கரைக்காற்று (அக்கரைப்பற்று)

உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு விற்கிற முறையும் ஒருகாலத்தில் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமேசான் 2013இல் ‘கிண்டில் வேர்ல்ட்ஸ்’ என்று தொடங்கியது. சில அமெரிக்கத் தொடர்களின் உரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றில் யாரும் கதை எழுதி விற்கலாம் என்றது. பத்தாயிரம் சொல்லுக்கு மேற்பட்ட கதைக்கு 35 சதவீதம், அதைவிடச் சின்னக் கதைக்கு 20 சதவீதம் எழுதியவருக்கு. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நீங்கள் புதிதாக ஒரு பாத்திரத்தை உண்டாக்கினால், மூல உரிமையாளர் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், உங்களுக்கு மேலதிகமாக ஒரு சதமும் தரத் தேவையில்லை. 2018இல் கடையை மூடிவிட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், தொடரை உதறிவிட்டு உங்கள் கதையாகவே கொண்டுபோவதுதான் லாபம். அந்த உத்தியோகத்தர் பெண் நாளைக்குப் படமாகப் போனால் அவள் உங்களுடையவளாக இருக்க வேண்டும்.

பிழைதிருத்தி (கல்முனை)

அச்சகத்தில் நெடுங்காலம் பிழை திருத்துகிறேன். சட்டத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் காசைப் பற்றிக் கேட்கிறேன். ஒப்பந்தம் அனுப்பினார்களா? அதில் என்ன இருக்கிறது? அதைச் சொல்லாமல் வாழ்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி)

அனுப்பினார்கள் அண்ணா. முக்கியமானதை எழுதுகிறேன். விற்பனையான பிரதிகளில் அட்டை விலையில் பத்து சதவீதம் ராயல்ட்டி. ஆசிரியர் 50 பிரதிகளைத் தள்ளுபடி விலையில் முன்கூட்டியே வாங்க வேண்டும். அச்சு, மின்னூல், ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு எல்லா உரிமையும் பதிப்புரிமைக் காலம் முழுவதும் அவர்களுக்கு. படைப்பு முழுக்கச் சொந்தக் கற்பனை என்று நான் உறுதி தர வேண்டும், வழக்கு வந்தால் செலவும் நட்டமும் என் பொறுப்பு.

பிழைதிருத்தி (கல்முனை)

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். புத்தகம் 300 இந்திய ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதிக்கு உங்களுக்கு 30. முதல் பதிப்பு 500 பிரதி, அத்தனையும் விற்றுவிட்டது என்றே வைப்போம், அப்போதும் 15,000. நீங்கள் வாங்க வேண்டிய 50 பிரதிக்கு 30 சதவீதத் தள்ளுபடி தந்தாலும் ஒன்று 210, மொத்தம் 10,500. அதைச் சென்னையிலிருந்து களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுவரும் செலவு தனி. ஆக, நல்லபடி எல்லாம் நடந்தாலும் உங்கள் கையில் நிற்பது 4,500க்கும் குறைவு. 200 பிரதி மட்டும் போனால் நீங்கள்தான் அவர்களுக்குக் காசு கட்டியவர்.

வணிகப் பதிப்பு என்றால் முதல் போடுவது பதிப்பகம், நட்டப்படத் தயாராக இருப்பதும் பதிப்பகம். எழுதியவரிடமே முதலை எடுக்கிற இடத்துக்குப் புத்தகத்தை வாசகரிடம் கொண்டுபோக வேண்டிய அவசரம் கிடையாது. விற்பனை அங்கே முதல் நாளே முடிந்துவிடுகிறது.

இங்கே நாங்கள் செய்வதும் எழுதியவர் காசில்தான், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ அச்சடிப்போம், பாடசாலை மண்டபத்தில் வெளியீட்டு விழா வைப்போம், முதற்பிரதியை ஊர்ப் பெரியவர் ஒருவர் வாங்குவார், வரிசையாக வந்து கவரைக் கையில் தந்து பிரதி எடுத்துப் போவார்கள். அச்சுச் செலவின் பெரும்பகுதி அன்று மண்டபத்திலேயே வந்துவிடும். மிச்சப் பிரதி கட்டிலுக்குக் கீழே போகும். ஆனால் அதில் ஒளிவு மறைவு இல்லை. கதையின் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். வருகிற ஒவ்வொரு ஆளையும் உங்களுக்குத் தெரியும். இதைப் பெரிய வழி என்று சொல்ல வரவில்லை. 50 பிரதி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உரிமையைக் கொடுக்காமலே செய்ய இங்கே வழி இருக்கிறது என்கிறேன்.

கடைசி விதிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பெயரை மட்டும் மாற்றித் தா என்று கேட்பவர்கள், இது தொடரிலிருந்து வந்தது என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். தெரிந்துகொண்டே, முழுக்க என் கற்பனை என்று உங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். தொலைக்காட்சிக்காரர் நாளைக்கு நோட்டீஸ் விட்டால் அந்தக் கடுதாசியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

நூர்வாசகி (சாய்ந்தமருது)

அஸ்ஸலாமு அலைக்கும். நான் எழுதுபவள் இல்லை, வாசிப்பவள். இந்தக் கதையை முதல் அத்தியாயத்திலிருந்து வாசித்தவள். எங்கள் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

வாட்பேட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் கருத்துப் போடலாம் என்பது தெரியும்தானே. பாதை நின்றுபோகும் இடத்தில், குளிர்ப்பெட்டிக்குள் ஐஸ் உருகிவிடுமே, தடுப்பூசி என்னாகும் என்று கேட்டது ஒரு வாசகி. மிட்வைஃப் மிஸ்ஸின் மகள் அவள். அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கவலையே கதையை நடத்தியது. கதாநாயகன் தன் சாரத்தை நனைத்துப் பெட்டியைச் சுற்றி வைக்கிறான், அங்கேதான் அவனை எங்களுக்குப் பிடித்துப்போனது. நாங்கள் காசு கேட்கவில்லை. ஒருநாள் காலையில் திறந்து பார்க்கும்போது கதை காணாமல் போயிருந்தால் அது எங்களுக்கு வலிக்கும் என்று சொல்கிறேன்.

ஃபேன்ஃபிக் உலகம் கொடுத்து வாங்கும் உலகம். 2009இல் தொடங்கிய ‘ஆர்கைவ் ஒஃப் அவர் ஓன்’ தளத்தில் காசு கேட்டு ஒரு வரி எழுதவும் அனுமதியில்லை, நன்கொடை இணைப்புக் கூடப் போட முடியாது. அந்த விதிக்குக் காரணம் இருக்கிறது. அக்கரைக்காற்று நானா சொன்ன அந்த அவுஸ்திரேலியச் சின்னப் பதிப்பகத்தை நடத்தியவர்களும் ரசிகர்கள்தான். கோடிகள் வந்ததும் என்ன நடந்தது? டெக்சாஸில் ஒரு பங்காளி, தன் பங்கு தரப்படவில்லை என்று வழக்குப் போட்டார். 2015இல் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ‘அல்கமைஸ்ட்’ முன்பு இலவசமாகக் கிடந்த காலத்தில், எழுதியவர் சம்மதமே இல்லாமல் யார் யாரோ அதை அச்சடித்து, அட்டை கட்டி விற்றார்கள். வாசகர்கள் பக்கமும் தப்பு நடக்கும் என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

தங்கச்சி, எடுப்பதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். வாசித்து முடிக்க எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். புத்தகத்தின் நன்றியுரையில் இது எங்கே பிறந்தது என்று எழுதுங்கள். அவ்வளவு போதும். நான் முதல் ஆளாக வாங்குவேன்.

அக்கரைக்காற்று (அக்கரைப்பற்று)

நூர்வாசகி சொன்னது நியாயம். கதையை எடுப்பது பற்றி ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. அமேசானில் நீங்களே மின்னூல் போடலாம், தமிழ் அங்கே ஏற்கப்படும் மொழிதான். ஆனால் அவர்களுடைய ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் தவணையில் மின்வடிவம் அமேசானில் மட்டும் இருக்க வேண்டும். வாட்பேட்டில் முழுக் கதை கிடந்தால் விதிமீறல். திட்டத்தில் சேராமல் போட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. எந்த வழியில் போனாலும், உரிமை உங்களுடையதா என்று அங்கேயும் உறுதி கேட்பார்கள். முறைப்பாடு வந்தால் புத்தகத்தைத் தூக்கிவிடுவார்கள், கணக்கையும் மூடலாம்.

பணம் வரும் வழியை ஒப்பந்தத்துக்கு முன்னால் கேளுங்கள். பேபாலில் பணம் பெறும் வசதி இல்லாமல் இங்கே நாங்கள் காலம் காலமாக அலைந்தது உங்களுக்குத் தெரியும். சென்னைக்காரர் நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவாரா, வருடத்துக்கு எத்தனை தரம், கழிவு யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள். "அங்கே உங்கள் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுகிறோம்" என்ற பதில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்திருக்கிறது.

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி)

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. அம்மாவுக்கு மத்தளம் சேர் எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

படுவான்கரை அண்ணா கேட்டபடி தொடரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். தொடர் பார்க்காத என் பெரியம்மா மகளிடம் கதையைக் கொடுத்தேன். முதல் அத்தியாயங்களில் அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "இவள் ஏன் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்புகிறாள், அவன் என்ன செய்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஃபேன்ஃபிக்கில் அதை எழுத வேண்டியதில்லை, வாசகருக்கு ஏற்கெனவே தெரியும். அவர்களுடைய பழைய கோபம், கல்யாணம், அந்த வீட்டில் நடந்தது எல்லாம் தொடரிலிருந்துதான் வருகிறது. பாதை ஏறிய இடத்திலிருந்து அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, விடிய விடிய வாசித்து முடித்தாள்.

ஆகவே கோபத்துக்குப் புதுக் காரணம் வேண்டும். யோசித்து வைத்திருக்கிறேன். அவன் நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆள். வெள்ளத்தில் குளத்தின் வான்கதவு திறந்த இரவில் அவளுடைய ஊருக்கு அறிவித்தல் நேரத்துக்குப் போகவில்லை. அவள் தகப்பனின் வேளாண்மை முழுக்கப் போனது. இனி அந்தப் பெரிய வீடும் மாமியும் எனக்குத் தேவையில்லை. அவன் வேறு ஆளாகிவிடுவான், அவளும் கொஞ்சம் மாறுவாள். தொடக்கத்தை முழுவதும் திரும்ப எழுதுகிறேன். எழுதும் வரை வாட்பேட் கதை அங்கேயே இருக்கும். எடுப்பதற்கு முன்னால் கட்டாயம் சொல்வேன். மிட்வைஃப் மிஸ்ஸின் மகள் இதை வாசித்தால் எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்கள் ராத்தா, அவவின் பெயரை நன்றியுரையில் போடலாமா என்று கேட்க வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் ஒரேயடியாக மறுக்காமல் திருத்தம் கேட்டுப் பார்க்கலாமா?

படுவான்கரை (கொக்கட்டிச்சோலை)

கேளுங்கள். திருத்தம் கேட்பது உங்கள் உரிமை, கேட்டதற்காகக் கோபிக்கிறவரோடு வேலை செய்ய முடியாது. வான்கதவு யோசனை நல்லது, அது யாரிடமிருந்தும் வரவில்லை.

பிழைதிருத்தி (கல்முனை)

இப்படி எழுதி அனுப்புங்கள், தேவையானதை மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஆசிரியர் பிரதி வாங்க வேண்டும் என்ற விதி நீக்கப்பட வேண்டும். பதிப்பகத்துக்கு அச்சு உரிமையும் மின்னூல் உரிமையும் மட்டும், ஐந்து வருடத்துக்கு. ஒலிநூல், திரைப்படம், மொழிபெயர்ப்பு உரிமைகள் ஆசிரியரிடமே இருக்கும். புத்தகம் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் விற்பனையில் இல்லாவிட்டால் எல்லா உரிமையும் ஆசிரியருக்குத் திரும்பும். இந்தக் கதையின் முந்தைய வடிவம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் கதையாக இணையத்தில் வெளியானது என்பதைப் பதிப்பகம் அறியும். அந்த வடிவம் தொடர்பான உரிமைக் கோரிக்கையில் ஆசிரியரின் பொறுப்பு அவர் பெற்ற ராயல்ட்டித் தொகைக்கு மேல் போகாது. விற்பனைக் கணக்கும் பணமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆசிரியரின் இலங்கை வங்கிக் கணக்குக்கு அனுப்பப்படும்."

முந்தைய வடிவம் பற்றிய வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், திரும்ப எழுதும் அத்தியாயங்களை அனுப்பினால் பிழை பார்த்துத் தருகிறேன்.